மனப் பாரத்துக்கும் வைத்தியம் உண்டு: முதல் நாள் என்ன நடக்கும்?

பிழைப்புக்காக ஊரை விட்டுப் பெங்களூர் வந்தவருக்குச் சில சமயம் ஒரு விசித்திரமான நோய் வருகிறது. இரவு இரண்டு மணி ஆனாலும் தூக்கம் வராது. மேலதிகாரி கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் ‘ஒன்றும் இல்லை’ என்று வரும். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டால், “நல்லா இருக்கேம்மா” என்பதுதான் பதில்.

“ஒரு மனநல டாக்டரைப் பாருங்கள்” என்று வழக்கமான டாக்டர் எழுதிக் கொடுத்தால், பலர் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வதோடு சரி. காரணம் மூன்று. ‘பைத்தியம்’ என்று பெயர் வந்துவிடுமோ? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ? அங்கே போய் எந்த மொழியில் பேசுவது?

யாருக்கு வரும்?

2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. நடத்தியது பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள ‘நிமான்ஸ்’ நிறுவனம். பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பது அதில் தெரிய வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

நிமான்ஸ் என்ற பெயரைக் கேலிக்குச் சொல்வோர் உண்டு. 1974இல் பழைய மனநோய் ஆஸ்பத்திரியும் ஓர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உருவானது அது. வலிப்பு, பக்கவாதம், ஓயாத தலைவலி என்று நரம்பு வியாதிக்காரர்களும் அங்கே வருகிறார்கள். வரிசையில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

முதல் நாள்

பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போவது நல்லது. ஓ.பி. சீட்டு எடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் தம் டிஸ்பென்சரி டாக்டரிடம் முதலில் கேட்கலாம்.

உள்ளே போனதும் யாரும் கட்டிலில் படுக்கவைத்து மயக்குவதில்லை. பிடித்துப் பூட்டுவதும் இல்லை. எதிரே ஒரு நாற்காலி, கேள்விகள். தூக்கம் எப்படி? பசி எப்படி? எப்போது முதல் இப்படி? குடிப்பழக்கம் உண்டா? கடன் உண்டா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா? தைராய்டு போன்ற உடல் கோளாறுகளும் படபடப்பைத் தரும் என்பதால், சிலருக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள்.

“செத்துப்போகலாம் என்று தோன்றியதா?” என்றும் கேட்பார்கள். இதைக் கேட்டுப் பதற வேண்டாம். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். தோன்றியிருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான பதில் அதுதான்.

இருவர் வேலை வேறு

மனநல டாக்டர் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேலும் படித்தவர், மருந்து எழுதுவார். மனோதத்துவ நிபுணர் மருந்து கொடுப்பதில்லை. பேச்சு மூலம் சிகிச்சை செய்கிறவர். சிலருக்கு ஒருவர் போதும். சிலருக்கு இருவரும் வேண்டும். தனியாரிடம் போகிறவர், சிகிச்சை மனோதத்துவ நிபுணருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு உண்டா என்று கேட்பதில் தவறில்லை. கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பேசினால் தீருமா?

இந்தச் சிகிச்சை வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. இன்று பரவலாக உள்ள ஒரு முறையை 1960களில் வகுத்தவர் ஆரன் பெக் என்ற அமெரிக்க டாக்டர். நடந்த சம்பவத்தைவிட, அதைப் பற்றி மனம் சட்டென்று முடிவுகட்டும் எண்ணமே பல நேரம் ஆளை வாட்டுகிறது என்பது அவர் கண்டது.

ஓர் உதாரணம். மேலதிகாரி அறைக்கு வரச் சொல்கிறார். ‘வேலை போகப் போகிறது’ என்று குமாஸ்தாவுக்குத் தோன்றுகிறது. கை நடுங்குகிறது. உள்ளே போனால் அவர் கேட்பது ஒரு பழைய ஃபைல். இதை ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதிவரச் சொல்வார்கள்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பும் மனமும் என்ன பட்டன. இரண்டு வாரம் எழுதினால், தம் மனம் திரும்பத் திரும்ப ஒரே பள்ளத்தில் விழுவது எழுதியவருக்கே தெரியும். அதற்குப் பிறகு, அந்த எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கப் பழக்குவார்கள்.

ஒரு சந்திப்பு முக்கால் மணி முதல் ஒரு மணி வரை. சாதாரணமாக வாரம் ஒரு முறை. நான்கைந்து சந்திப்புக்குப் பிறகே பலன் உண்டா என்று பார்க்க முடியும். முதல் நாள் அழுகை வரலாம்; அன்று மாலை மனம் முன்னைவிடக் கனமாகவும் இருக்கலாம். அதனால் சிகிச்சை தவறிவிட்டது என்று அர்த்தமில்லை. பேசுகிறவர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால், வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

ரகசியம் காக்கப்படுமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் அமலுக்கு வந்தது. நோயாளி சொன்னதை ரகசியமாகக் காப்பது அதன்படி கடமை. ஆபீசிலிருந்து ஒருவர் போன் செய்தால் சொல்லிவிட முடியாது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. அவை எவை என்று முதல் நாளே கேட்கலாம்.

எந்த மொழியில்?

கன்னடத்தில் காய்கறி பேரம் பேசத் தெரியும். ஆங்கிலத்தில் ஆபீஸ் கடிதம் எழுதத் தெரியும். ஆனால், பெற்ற பிள்ளையைப் பார்த்து ஆறு மாதம் ஆன ஏக்கத்தை அந்த மொழிகளில் சொல்ல வருமா? ஆகவே சீட்டு எடுக்கும் இடத்திலேயே, “தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?” என்று கேட்டுவிட வேண்டும். பெங்களூரில் இது அபூர்வமான கேள்வி அல்ல. அன்று இல்லாவிட்டால், எந்த நாளில் இருப்பார் என்று கேட்கலாம். அறைத்தோழரை மொழிபெயர்க்க அழைத்துப் போவது கடைசி வழி. அவர் முன்னால் பாதி விஷயம் வாயில் வராது.

நோய்ப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘மனசு பாரமா இருக்கு’, ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று வீட்டில் பேசுகிற வார்த்தையே போதும்.

நேரில் போகத் தயங்குகிறவர் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய ‘டெலி மனஸ்’ சேவை இது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். சாவு பற்றிய எண்ணம் வருகிறவர், ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் இந்த எண்ணுக்கோ, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ உடனே போக வேண்டும்.

ஊருக்கு மணியார்டர் தவறாமல் போக வேண்டுமானால், அனுப்புகிறவர் நலமாக இருக்க வேண்டும். அதற்காக எடுக்கும் ஒரு நாள் லீவு வீணாகாது.