லீஸ் முடிகிறது, அடுத்து எந்தக் கார்?

சென்னைக்கும் தடாவுக்கும் இடையே தினமும் ஓடும் சொகுசுக் கார்களுக்கு நாலு வருஷம் முடியும்போது நிர்வாகிகள் போடும் கணக்கு, பல வீடுகளில் சேமிப்பையே அசைத்துப் பார்க்கிறது.

தடா வழியாகச் சொகுசுக் கார்கள் காலையில் வடக்கே போகும், மாலையில் தெற்கே திரும்பும். நடுவில் எட்டு, ஒன்பது மணி நேரம் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளுக்கு அடியில் சும்மா நிற்கும். சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் வரும் இந்த எல்லை ஊரை ஒரு காலத்தில் புலிக்காட் ஏரியின் மீனுக்கும் உப்பலமடுகு அருவிக்கும்தான் சென்னைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். 2008-இல் ஸ்ரீசிட்டி பிறந்த பிறகு கதை மாறியது. ஆல்ஸ்டம், இசுசு, கோபெல்கோ, டைகின், மாண்டலீஸ் என்று பெயர்ப்பலகைகள் வரிசையாக எழுந்தன. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடா 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஆனால் தொழிற்சாலைகளை நடத்தும் மேலாளர்களில் கணிசமானவர்கள் வீட்டை மாற்றவில்லை. பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, பெற்றோரின் மருத்துவர் எல்லாமே சென்னையில். எனவே மாறியது கார் மட்டும்தான்.

அந்தக் கார் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. லீஸ் நிறுவனம் வாங்கி, தன் பெயரில் பதிவு செய்து, கம்பெனிக்கு வாடகைக்கு விட்டது. வாடகை ஊழியரின் மொத்தச் சம்பளத் தொகையிலிருந்து வரிக்கு முன்பே கழிந்துவிடும். மூன்று, நான்கு அல்லது ஐந்து வருடம் கழித்து ஒப்பந்தம் முடியும்போது ஒரு கடிதம் வரும்: வண்டியைத் திருப்பித் தருகிறீர்களா, வாங்கிக்கொள்கிறீர்களா, நீட்டிக்கிறீர்களா? ஓட்டிப் பழகிய ஜெர்மன் காரை என்ன செய்வது என்ற கேள்வி அதுவரை கம்பெனியின் கேள்வி. அன்று முதல் குடும்பத்தின் கேள்வி.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தலைவலி இல்லை. மெர்சிடிஸ் நிறுவனம் புனேயில் இ-கிளாஸ் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியதே 1995-இல்தான். அதற்கு முன் பெரிய அதிகாரி என்றால் கம்பெனி தரும் அம்பாசடர் அல்லது கான்டெஸா. ஓய்வு பெறும் நாளில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தால் விஷயம் முடிந்தது.

லீஸின் கவர்ச்சி வரியில் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு வருமானவரி விதிகளின்படி, கம்பெனி வேலைக்கும் சொந்த வேலைக்கும் பயன்படும் கம்பெனிக் காருக்கு, ஓட்டும் செலவையும் கம்பெனியே ஏற்றால், 1.6 லிட்டருக்கு மேற்பட்ட என்ஜின் என்றால் மாதம் 2,400 ரூபாய், டிரைவருக்கு 900 ரூபாய் மட்டுமே சலுகை மதிப்பாகச் சம்பளத்தில் சேர்க்கப்பட்டது. மாத வாடகை 1,20,000 ரூபாய் என்று வையுங்கள். 3,300 ரூபாய்க்குத்தான் வரி. மீதி 1,16,700 ரூபாய்க்கு 31.2 சதவீத வரி மிச்சம் என்றால், மாதம் 36,000 ரூபாய்க்கு மேல் கையில் தங்குகிறது. பழைய வரித் திட்டமோ புதியதோ, இரண்டிலும் இந்தக் கணக்கு செல்லுபடியானது. கொழுத்த சம்பளக்காரர்கள் சொகுசுக் காரை விரும்பியதற்கு ஓட்டும் சுகம் மட்டும் காரணமல்ல. ஆனால் 1961-ஆம் ஆண்டு சட்டத்தின் இடத்தில் 2025-இல் நிறைவேறிய புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐ அமலாக்க நாளாகக் கொண்டது. அதன் விதிகளில் உள்ள தொகையைப் பார்க்காமல், பழைய மிச்சத்தை நம்பி அடுத்த காருக்குக் கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

தடாக்காரர்களுக்கு இன்னொரு வில்லங்கம்: கிலோமீட்டர். போக 70, வர 70. வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 35,000 கி.மீ. நாலு வருடத்தில் 1,40,000 கி.மீ. நகரத்துக்குள் கிளப்புக்கும் விமான நிலையத்துக்கும் போய் வருகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் வருடத்துக்கு 20,000 கி.மீ. போன்ற உச்சவரம்பு இருப்பது வழக்கம். அப்படி ஒரு ஒப்பந்தமானால் தடாக்காரர் நாலு வருடத்தில் 60,000 கி.மீ. மீறியிருப்பார். மீறலுக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்று ஒரு வரி இருந்தால், திருப்பித் தரும் நாளில் 6 லட்சம் ரூபாய் பில் காத்திருக்கும். கையெழுத்துப் போடும்போது இருக்கையின் தோல் நிறத்தை அரை மணி நேரம் ஆராய்ந்தவர்கள் இந்த வரியைப் படித்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

அப்படியானால் வாங்கியே விடலாமா? மனசு சொல்லும் பதில் அதுதான். வண்டியின் குணம் தெரியும், எப்போது என்ன மாற்றினோம் என்று தெரியும், மனைவிக்கும் அதுவே இஷ்டம். ஒப்பந்தத்தில் எழுதிய எஞ்சிய மதிப்பும் மலிவாகவே தோன்றும். 60 லட்ச ரூபாய் காருக்கு 30 சதவீதம் என்றால் 18 லட்சம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். அந்த 18 லட்சம் வரிக்கு முன்பா, பின்பா? பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மேல் மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆனால் லீஸ் நிறுவனம் காரை வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. விற்கும்போது முழுத் தொகைக்கும் முழு விகிதம். பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். 18 லட்சம் 25.2 லட்சமாகிவிடும். அதே வயது, அதே மாடல் கார், பாதி கிலோமீட்டர் மட்டுமே ஓடியது, அந்த விலைக்கு அண்ணா சாலைப் பக்கத்துப் பழைய கார் ஷோரூமில் நிற்கக்கூடும்.

இன்னும் இரண்டு சில்லறைக் கசப்புகள் உண்டு. ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் லீஸ் நிறுவனம். நாலு வருடம் ஓட்டியவரே வாங்கினாலும் அவர் இரண்டாவது உரிமையாளர்தான், பிற்பாடு விற்கும்போது விலை அதற்கேற்பக் குறையும். உத்தரவாதக் காலம் முடிந்த சொகுசுக் காரில் ஏர் சஸ்பென்ஷன் இறங்கினாலோ கியர்பாக்ஸ் முரண்டு பிடித்தாலோ வரும் பில், இதுவரை கம்பெனியின் கண்ணில் பட்டது, இனி சொந்தச் சட்டைப் பையில். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் காருக்கு அந்த நாள் அதிகத் தூரத்தில் இல்லை. எஞ்சிய மதிப்பு வரியோடு சேர்த்தும் சந்தை விலையைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் மட்டுமே வாங்குவதில் அர்த்தம் உண்டு.

புதிதாக இன்னொரு சொகுசுக் காரை லீஸுக்கு எடுப்பவர்களுக்கு, 2025-இன் வரி மாற்றம் ஒரு புதிய கோணத்தைத் திறந்திருக்கிறது. காரை விற்கும்போது என்ன வரியோ, அதே விகிதம்தான் அதன் வாடகைக்கும். முன்பு பெரிய கார்களுக்குச் செஸ்ஸும் சேர்ந்து 45 முதல் 50 சதவீதம்வரை போனது, பிறகு 40 ஆனது. மின்காருக்கு 5. வரிக்கு முன் மாத வாடகை ஒரு லட்சம் என்றால் பெட்ரோல், டீசல் காருக்கு 1,40,000 கட்ட வேண்டும், மின்காருக்கு 1,05,000. கம்பெனி இந்த வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால் முழுப் பாரமும் ஊழியரின் தொகுப்பில்தான் விழும்.

தடா பாதை மின்காருக்கு ஏற்ற பாதையும்கூட. ஒரு நாளைக்கு 140 கி.மீ. என்பது இன்றைய பேட்டரிக்குப் பாதித் தூரம்கூட இல்லை. பி.எம்.டபிள்யூ. தன் சென்னை ஆலையிலேயே பூட்டி 2025 ஜனவரியில் 49 லட்ச ரூபாய்க்கு அறிமுகப்படுத்திய நீளமான ஐ.எக்ஸ்.1-க்கு நிறுவனம் சொல்லும் தூரம் 500 கி.மீ.க்கு மேல். நிஜத்தில் அதில் முக்கால் பங்கு கிடைத்தாலும் இரண்டு நாள் ஓடும். நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாள் செலவு 280 ரூபாய். லிட்டருக்கு 12 கி.மீ. தரும் டீசல் காரில், லிட்டர் 92 ரூபாய் என்றால், 1,070 ரூபாய்க்கு மேல். வருடத்தில் வித்தியாசம் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். தடை இருப்பது நெடுஞ்சாலையில் அல்ல, வீட்டுக்குக் கீழே: அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜருக்கு இணைப்பு இழுக்க அனுமதிக்க வேண்டும். சங்கச் செயலாளரைச் சமாளிப்பது சில இடங்களில் ஜெர்மன் என்ஜினியரிங்கைவிடக் கடினம்.

மின்காரின் மறுவிற்பனை விலை வேகமாகச் சரிவது உலகெங்கும் கண்ட கதை. அதனாலேயே அதைச் சொந்தமாக வாங்குவதைவிட லீஸுக்கு எடுப்பது மேல். சரிவின் இழப்பு, திருப்பித் தரும் ஒப்பந்தத்தில், லீஸ் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. அவர்களும் ஏமாந்தவர்கள் அல்லர். எஞ்சிய மதிப்பைக் குறைத்துப் போட்டு வாடகையைக் கூட்டுகிறார்கள். அப்படிக் கூட்டிய பிறகும் 5-க்கும் 40-க்கும் இடையிலுள்ள பள்ளம் பெரிதும் நிரம்புவதில்லை.

சொகுசிலிருந்து ஒரு படி இறங்கலாம் என்பது கௌரவத்தைத் தொடும் விஷயம். ஆனாலும் தடா பாதையில் அது அவமானமில்லை. ஜப்பானிய அதிகாரிகள் பலர் பின்சீட்டில் உட்கார்ந்து போகும் வண்டி டொயோட்டா இன்னோவாதான். அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், திடீரென்று குறுக்கே வரும் மாடுகள் எல்லாம் உண்டு. தரைக்கு ஒட்டினாற்போல் ஓடும் செடானைவிட உயரமான வண்டியே இங்கே உசிதம். தடாவில் சொகுசுக் கார்ப் பணிமனை இல்லை. ஏதாவது ஆனால் டிரக்கில் ஏற்றிச் சென்னைக்குத்தான் கொண்டுவர வேண்டும், அன்றைய மீட்டிங் அதோடு போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை: எல்லோரும் கடந்து போகும் ஸ்ரீசிட்டியிலேயே கார் தயாராகிறது. இசுசு தன் வண்டிகளை முதலில் திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் செய்யும் திறனோடு ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலையைத் திறந்தது. டி-மேக்ஸ் வி-கிராஸ், எம்.யூ.-எக்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. முரட்டு டீசல் வண்டிகள், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அசராதவை என்று பெயர். ஆனால் பக்கத்து ஆலையின் பொது மேலாளர் பிக்கப் வண்டியில் வந்து இறங்குவதை இந்திய கார்ப்பரேட் மரபு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

எல்லை தாண்டுவதற்கென்றே சில கணக்குகள் உண்டு. எரிபொருளுக்கு ஆந்திராவில் வாட் வரி கூடுதல் என்பதால் விவரமானவர்கள் தமிழக எல்லைக்குள்ளேயே தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடப் பாஸ் 200 பயணங்களுக்கு. நல்லூர் சுங்கச்சாவடியை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடப்பவருக்கு அது 100 வேலை நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு இரண்டு, மூன்று பாஸ் என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்த காரோடு வீட்டையும் ஸ்ரீசிட்டிக்கே மாற்றுகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு காத்திருக்கிறது: தமிழ்நாட்டு எண் உள்ள வண்டியை ஆந்திராவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரில் ஆயுள்வரி 20 சதவீதம் ஆனது. அதைக் கட்டிய பிறகு இன்னொரு மாநிலத்துக்கும் வரி என்பது கசக்கும். நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவு இதற்கு மருந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரி கட்டினால் போதும். ஆனால் வண்டி ஊழியரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். லீஸ் காருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

வேலை மாறும் எண்ணம் உள்ளவர்கள் எந்த லீஸையும் தொடாமல் இருப்பது நல்லது. நடுவில் விலகினால் மீதி வாடகையில் ஒரு பகுதியும் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப்படும். அப்படிப்பட்டவர்கள் பழைய ஒப்பந்தத்தையே ஒரு வருடம் நீட்டிக் கேட்கலாம். பெரும்பாலும் வாடகை குறையும்.

இந்த முடிவுக்காகக் காத்திருக்கும் இன்னொருவரைப் பற்றி ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. விடிகாலையில் அண்ணா நகரிலோ அடையாறிலோ வண்டியைத் துடைத்து நிறுத்தி, சாயங்காலம்வரை ஸ்ரீசிட்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்து, இரவு வீடு திரும்பும் டிரைவர். 1962-ஆம் ஆண்டு வரி விதிகளில் அவர் மாதம் 900 ரூபாயாக இருந்தார். ஐயா ஆட்டோமேட்டிக் மின்காரைத் தானே ஓட்ட முடிவு செய்தாலோ, சூலூர்பேட்டை மின்ரயிலில் ஏறித் தடா ஸ்டேஷனில் இறங்கிக் கம்பெனி வேனில் போகத் துணிந்தாலோ, ஸ்ரீசிட்டியிலேயே வாடகைக்கு வீடு பார்த்தாலோ, வேலை போவது அவருக்குத்தான். லீஸ் நிறுவனம் கடிதம் அனுப்புவதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. பின்சீட்டில் நடக்கும் தொலைபேசிப் பேச்சுகள் அவர் காதில் விழாமல் இருப்பதில்லை.