போடிமெட்டு இறக்கமும் பூட்டிய பானட்டும்

இரண்டு டன் எடையுள்ள ஆடம்பரக் கார் ஒன்று போடிமெட்டு உச்சியிலிருந்து போடி நகருக்கு இறங்குகிறது. உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். மலையடிவாரத்து முந்தல் வந்து சேர்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இறக்கத்தில் அந்த வண்டி கரைக்க வேண்டிய ஆற்றலைக் கணக்குப் போட்டால் 5 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வருகிறது. 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தச் சூடு போதும். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காற்றும் சாலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு சக்கர டிஸ்க்குகளின் தலையில்தான் விழும்.

டிஸ்க் சூடானால் அதைப் பிடிக்கும் காலிப்பர் சூடாகும்; காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலும் சூடாகும். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. சுமார் 4 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் விதி கேட்பது 155 டிகிரிதான். அதற்கு மேல் போனால் ஆயிலுக்குள் ஆவிக்குமிழி கட்டும்; மிதித்த பெடல் தரையோடு போய் ஒட்டும். அதனால்தான் ஜெர்மானியக் கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. வண்டி ஓடியதா, கொட்டகையில் நின்றதா என்பது கணக்கில்லை. மழையும் மூடுபனியும் விடாத ஏலமலைக்குப் போய்வரும் வண்டிக்கு இந்தக் கெடு இன்னும் முக்கியம்.

ஆயிலின் விலை சில நூறு ரூபாய். தன் காரில் அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத உரிமையாளர்தான் இங்கே ஆபத்தானவர். ஆடம்பரக் கார் வைத்திருப்பவர் ஸ்பானர் எடுப்பது கஞ்சத்தனமா, பொழுதுபோக்கா என்று சமவெளியில் கேட்டுக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் அது உயிர்ப் பாதுகாப்பு.

ஜீப் கற்றுத்தந்த பாடம்

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை கிராமம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அந்த மலைக்கு அப்பால்தான் இந்தப் பக்கத்து மக்கள் வேலைக்குப் போகும் ஏலத்தோட்டங்கள்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக நேராக ஒரு சாலை வேண்டும் என்பது பல காலக் கோரிக்கை. அது வரும்வரை போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏற வேண்டும்.

இந்தச் சரிவுகளை ஆண்டது ஜீப். 1947இல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது மஹிந்திரா. அந்த வம்சத்து வண்டிகள் இன்னமும் விடியற்காலையில் ஆளேற்றிக்கொண்டு மலை ஏறுகின்றன. தோட்டத்து மண்பாதையில் வண்டி நின்றுவிட்டால் ஓட்டுநரே மெக்கானிக். டீசல் தீர்ந்து ஓடாமல் நின்றால் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார். லீஃப் ஸ்பிரிங் ஒடிந்தால் கட்டையை வைத்துக் கயிறு கட்டி ஊர் வந்து சேர்வார். வண்டியில் எதுவும் மறைவாக இல்லை; பானட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய முன்னோடி உண்டு. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டித்தான் எந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் கார் அருங்காட்சியகத்தைப் பார்ப்பவர்கள் வண்டியின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிரித்துப் பார்க்கும் துணிவு என்ற இன்னொரு சொத்தும் அவர் விட்டுச் சென்றதுதான்.

மலிந்தது கார், மலியாதது பாகம்

ஏலக்காய் விலை ஒரே சீராக இருப்பதில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் 1,000 ரூபாய்ப் பக்கம் விழுந்தது. நல்ல விலை கிடைத்த வருடத்தில் பெரிய கார் மேல் ஆசை வருவது இயல்பு. புதிதாக 60 லட்சம் விற்ற ஜெர்மானியக் கார், ஏழெட்டு ஆண்டு ஓடிய பிறகு 15 லட்சத்துக்குச் சந்தையில் நிற்கும்போது அந்த ஆசைக்கு வழியும் பிறந்துவிடுகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காரின் விலை 15 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் பாகத்தின் விலையும் பட்டறைக் கூலியும் இன்னும் 60 லட்சத்திலேயே நிற்கின்றன. வாங்கியவருக்குக் கட்டுப்படியாகாத செலவை வண்டி கேட்கும். போதாக்குறைக்கு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறைகள் பெருநகரங்களில்தான் இருக்கும். போடிக்கும் மதுரைக்கும் 90 கிலோமீட்டர். ஒரு சிறு கோளாறுக்கும் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும் நிலை.

இப்படித்தான் ஆடம்பரக் கார் உரிமையாளர் ஸ்பானர் பிடிக்கிறார். பிடித்ததும் அவர் கண்டுகொள்ளும் முதல் உண்மை, கார் நிறுவனம் எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை என்பது. பில்டரை மான், மாலே போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. எரிபொருள் பம்பையும் சென்சாரையும் பாஷ் செய்கிறது. கியர்பாக்ஸையும் சஸ்பென்ஷன் பாகங்களையும் இசட்.எஃப். செய்கிறது. கார் நிறுவனத்தின் முத்திரை போட்ட டப்பாவில் ஒரு விலை. செய்தவரின் சொந்த டப்பாவில் வேறு விலை. பாகத்தின் எண்ணைத் தேடிப் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

இரண்டாவது உண்மை, விளம்பரம் சொல்லும் ‘ஆயுள்’ யாருடைய ஆயுள் என்பது. பி.எம்.டபிள்யூ. கார்களில் வரும் எட்டு கியர் தானியங்கிப் பெட்டியின் ஆயிலை மாற்றவே வேண்டாம், அது வாழ்நாள் ஆயில் என்று கார் நிறுவனத்தார் சொல்லி வந்தார்கள். அந்தப் பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. 17 வளைவுகளில் கியர் ஏறி ஏறி இறங்கும் வண்டிக்கு எது பொருந்தும் என்று பட்டறை வந்து சொல்லாது. உரிமையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், காற்று பில்டர், ஏசி பில்டர், பல்பு, வைப்பர் ஆகியவை வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலைகள். நல்ல ஜாக்கி, அதைவிட முக்கியமாக ஜாக்கிக்குப் பக்கபலமாக நிற்கும் ஸ்டாண்டு, இறுக்கத்தை அளந்து பூட்டும் டார்க் ரெஞ்ச், நிறுவனம் குறித்த தரத்தில் ஆயில் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இறக்கிய கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது கொட்டக்குடி ஆற்றுக்குப் போய், அங்கிருந்து வைகையில் சேரும். கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

அடுத்த படியில் ஸ்பானரோடு ஸ்கேனரும் வேண்டும். பல புதிய கார்களில் கைபிரேக் மின்மோட்டாரால் இயங்குகிறது. பின்சக்கர பிரேக் பேடு மாற்றுவதற்கு முன் அந்த மோட்டாரைப் பின்வாங்கச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் பழுதாகும். பி.எம்.டபிள்யூ. கார்களில் புதிய பேட்டரி போட்டால் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுத்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

மூன்றாவது படியில் கை வைக்கக் கூடாது. ஜீப்பில் ஏர் எடுத்த பழக்கத்தில், ஓடும் காமன் ரெயில் டீசல் எஞ்சினில் நட்டைத் தளர்த்துபவர் உயிரோடு விளையாடுகிறார். அந்தக் குழாயில் டீசலின் அழுத்தம் 2,000 பார் வரை போகும்; ஊசிபோல் பீறிட்டுத் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். ஏர்பேக் இணைப்பு, ஹைபிரிட் மற்றும் மின்கார்களின் ஆரஞ்சு நிற வயர், ஏர் சஸ்பென்ஷன் ஆகியவையும் பயிற்சி பெற்றவருக்கே. தன் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்து நிறுத்துபவர்தான் தேர்ந்த கைவேலைக்காரர்.

திறக்க விடாதவர்கள்

இவ்வளவும் உரிமையாளரின் பொறுப்பு. கார் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்ற கேள்வியை இந்தியாவில் கிளப்பியவர் ஷம்ஷேர் கட்டாரியா. அவர் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மஹிந்திராவோடு பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் பென்ஸ், ஸ்கோடா போன்ற நிறுவனங்களும் பட்டியலில் இருந்தன.

ஆணையம் வைத்த வாதம் எளியது. கார் வாங்கும்வரை வாடிக்கையாளருக்குப் பல கடைகள் திறந்திருக்கின்றன. ஒரு காரை வாங்கிய பிறகு அதன் பாகத்துக்கும் பழுது பார்க்கும் கருவிக்கும் அந்த ஒரு நிறுவனமே கதி. அந்தச் சந்தையில் நிறுவனம் தனியரசு நடத்துகிறது. பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாததும், வெளியார் பட்டறைக்குக் கருவியும் விவரமும் தராததும் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று ஆணையம் சொன்னது. வெளியே பழுது பார்த்தால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்று மொத்தமாக மிரட்டுவதையும் தடை செய்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. குற்றம் குற்றமே என்றது.

நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணைய வாசலும் திறக்கப்பட்டது. அலைபேசி, வீட்டுச் சாதனம், உழவு இயந்திரத்தோடு வாகனமும் அதன் வரம்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 செப்டம்பர் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பழுதுபார்க்கும் விவரத்தைச் சுதந்திரப் பட்டறைகளுக்கும் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இலும் 2020இலும் இந்த உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

சட்டம் ஒரு கதவைத் திறக்கும்போது தொழில்நுட்பம் இன்னொன்றைச் சாத்துகிறது. 2021இல் வந்த மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ். மின்காரின் பானட்டை உரிமையாளர் திறக்க முடியாது. பட்டறைதான் திறக்க வேண்டும். 2020 முதல் வரும் ஃபோக்ஸ்வாகன், ஆடி குழுமக் கார்கள் பலவற்றில் சில அமைப்புகளை மாற்ற நிறுவனத்தின் இணையச் சாவி வேண்டும். ஸ்கேனர் கையில் இருந்தாலும் நிறுவனத்தின் சர்வர் தலையாட்டினால்தான் வேலை நடக்கும். மலைப்பாதையில் சிக்னல் இல்லாத வளைவில் நிற்கும் வண்டிக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, ஏலக்காய் விலை ஏறிய ஆண்டில் பழைய ஆடம்பரக் கார் தேடுபவர் பெயின்ட்டையும் சீட்டையும் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கட்டும். இதன் பாகம் வெளிச்சந்தையில் கிடைக்கிறதா? இதைப் படிக்கும் ஸ்கேனர் போடியிலோ தேனியிலோ யாரிடமாவது இருக்கிறதா? பிரேக் ஆயில், கியர் ஆயில் மாற்றிய பில் கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். வாங்கியவர் வாரம் ஒருமுறையாவது பானட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கவே விடாத கார் கோடி ரூபாய் பெற்றாலும் போடிமெட்டுக்கு ஆகாது.