ஒரு எட்டுப் போய்ப் பார்ப்போமா?

பிள்ளைகளா, "கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா" என்று ஆச்சி அடிக்கடி சொல்வார்கள் இல்லையா? அந்த ஒரு எட்டு எவ்வளவு நீளம் என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா?

இன்றைக்கே பார்த்துவிடலாம். முற்றத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதில் குதிகாலை வைத்து, எப்போதும் நடப்பது போலப் பத்து எட்டு வையுங்கள். கடைசியாகக் குதிகால் நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே 17 அடி வந்தால், உங்கள் ஒரு எட்டு 1.7 அடி. இதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இனி நீங்கள் போகுமிடமெல்லாம் ஓர் அளவுகோலும் கூடவே வரும்.

அந்த அளவுகோலோடு இந்த விடுமுறையில் கூடங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போவோம். கடற்கரையையும் காற்றாலைகளையும் விட்டுவிட்டு, ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரி தாண்டி, தாமிரபரணிக் கரைக்கு. கூட ஒரு சித்தப்பாவோ அத்தையோ வரட்டும். வழியை மட்டும் நீங்களே போட வேண்டும்.

வழி போடுவதும் கணக்குதான்

ஒரு தாளில் நாம் பார்க்கப்போகும் இடங்களைப் புள்ளிகளாக வையுங்கள். ஆற்றுப் பாலம் ஒரு புள்ளி. அங்கிருந்து மேற்கே, ஜங்ஷன் வழியாக ஒரு கோடு. அது நெல்லையப்பர் கோயிலின் கிழக்கு வாசலில் முடியட்டும். கோயிலைச் சுற்றி நான்கு ரதவீதிகளைச் சதுரமாக வரையுங்கள். படம் ஐஸ்குச்சி போல வந்திருக்கும். குச்சியின் அடியில் பாலம். ஐஸ் இருக்கும் இடத்தில் கோயில்.

ஒரு கோட்டில் ஒரு தடவைக்கு மேல் போகாமல் இந்தப் படம் முழுவதையும் நடந்து முடிக்க முடியுமா?

ஐரோப்பாவில் கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் இதே கேள்வி எழுந்தது. அங்கே ஓர் ஆறும் ஏழு பாலங்களும் இருந்தன. ஏழையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து உலாப் போக ஆசைப்பட்டார்கள் மக்கள். எவராலும் முடியவில்லை. ஆய்லர் என்ற கணித மேதை 1736இல், அது யாராலும் முடியாது என்று நிரூபித்தார். அவர் பார்த்தது ஒன்றைத்தான்: ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடுகள் சேர்கின்றன? ஒரு புள்ளிக்கு ஒரு கோட்டில் வந்தால், இன்னொரு கோட்டில் வெளியேற வேண்டும். ஆகவே கோடுகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையில் கோடுகள் சேரும் புள்ளிகள் இரண்டே இரண்டு என்றால், ஒன்றில் புறப்பட்டு மற்றதில் முடிக்கலாம். இரண்டுக்கு மேல் போனால் முடியாது. கோனிக்ஸ்பெர்க்கில் அப்படி நான்கு இருந்தன.

நம் படத்தைப் பாருங்கள். பாலத்தில் ஒரு கோடு. கிழக்கு வாசலில் மூன்று கோடுகள். மூலைகளில் இரண்டிரண்டு. ஒற்றைப்படைப் புள்ளிகள் இரண்டுதான்! பாலத்தில் தொடங்கினால் கிழக்கு வாசலில் முடிக்கலாம்.

சூரியனும் இந்தத் திசைக்குச் சம்மதிக்கிறது. காலையில் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் வெயில் முதுகில்தான் படும், கண்ணைக் கூசாது. தெற்கு வடக்கான தெருக்களில் கிழக்கு ஓரமாக நடந்தால் கட்டட நிழல் கிடைக்கும். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, நோட்டு, பென்சில், டேப் ஆகியவை பையில் இருக்கட்டும். அரை மணி நடை, பத்து நிமிடம் உட்காரல் என்று வைத்துக்கொண்டால் சின்னத் தம்பியும் சோர மாட்டான்.

வளைந்ததால் நிற்கும் பாலம்

வண்ணார்பேட்டைப் பக்கம் சுலோசன முதலியார் பாலத்தில் புறப்படுவோம். பாலம் வருவதற்கு முன், பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற பதவியில் இருந்த சுலோசன முதலியார், பாலம் கட்டத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1843இல் பாலம் திறக்கப்பட்டது. பின்னாளில் அகலப்படுத்தினார்கள்.

பழைய பாலத்தின் நீளம் 760 அடி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நடைபாதையிலேயே எண்ணிக்கொண்டு நடங்கள். எட்டு 1.7 அடி என்றால் 447 எட்டு வர வேண்டும். 430 வந்தாலும் 470 வந்தாலும் அழிக்காதீர்கள். ஏன் மாறியது என்று பக்கத்தில் எழுதுங்கள். கூட்டத்தில் ஒதுங்கி நடந்தீர்களா? வேகமாகப் போனபோது எட்டு நீண்டுவிட்டதா? பிழைக்குக் காரணம் தேடுவது விஞ்ஞானியின் முதல் பழக்கம்.

பிறகு கரையில் பத்திரமான இடத்தில் நின்று பாலத்தின் அடியைப் பாருங்கள். 11 வளைவுகள். ஒவ்வொன்றும் 60 அடி அகலம். பெருக்கினால் 660. மிச்சம் 100 அடி எங்கே போயிற்று? அதில் பெரும்பகுதி வளைவுகளுக்கு நடுவே நிற்கும் 10 தாங்குதூண்களில் இருக்கும்!

கல்லை அமுக்கினால் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். தட்டையான கற்பலகையின் மேல் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அமுக்குகிறது. பாரம் அப்படியே கைமாறிக் கைமாறித் தூணுக்குப் போய், தரையில் இறங்கிவிடுகிறது.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு பழைய அட்டையைத் தட்டையாக வைத்துப் புளியங்கொட்டைகளை அடுக்குங்கள். எத்தனையில் தொய்கிறது? அதே அட்டையை வில் போல வளைத்து, இரு முனையையும் புத்தகங்கள் நெருக்கிப் பிடிக்கும்படி வைத்து மறுபடி அடுக்குங்கள். வித்தியாசத்தை நீங்களே எண்ணுவீர்கள்.

தேர் ஓடும் தெரு

ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டே, நெல்லையப்பர் கோயில் இருக்கும் டவுனுக்கு நடப்போம். கால் வலித்தால் டவுன் பஸ்ஸில் ஏறலாம், குற்றமில்லை.

ரதவீதி ஏன் இவ்வளவு அகலம்? ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் இந்த நான்கு தெருவிலும் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பார்கள். தேர் அசைய மறுத்தால் சக்கரத்துக்குப் பின்னால் நீளமான மரத்தடியைக் கொடுத்து நெம்புவார்கள். தடி போடுவது என்று இதைச் சொல்வார்கள். அது நெம்புகோல். தடி தாங்கி நிற்கும் இடம் சக்கரத்துக்குப் பக்கத்திலும், ஆட்கள் அமுக்கும் முனை தூரத்திலும் இருக்கும். அதனால் சிறிய விசை பெரிய பாரத்தை அசைக்கிறது. ஏற்றப்பலகையில் தம்பி ஓரத்தில் உட்கார்ந்து, நடுவருகே உட்கார்ந்த சித்தப்பாவைத் தூக்கிவிடுவானே, அதே கதை.

கோயில் 850 அடி நீளம், 756 அடி அகலம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. சுற்றளவு 3,212 அடி. உங்கள் எட்டில் ஏறக்குறைய 1,890. ரதவீதியில் எண்ணினால் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஏன் என்று ஊகியுங்கள்: நீங்கள் மதிலை ஒட்டி நடக்கவில்லை, தள்ளி நடக்கிறீர்கள்.

பாடும் கல்

கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனால் கல் குளுமையாக இருக்கும். மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய தூண்கொத்துகள் நிற்கின்றன. பெரிய தூணைச் சுற்றி மெலிந்த சிறு தூண்கள். தட்டினால் வெவ்வேறு சுரம் எழும்பும்.

உள்ளே பொந்து இருக்குமோ? ஹம்பி விட்டலர் கோயிலிலும் இசைத்தூண்கள் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், ஒரு துண்டுகூட உடைக்காமல், கேளா ஒலி போன்ற முறைகளால் அவற்றைச் சோதித்தார்கள். அந்தத் தூண்கள் கெட்டியான கல்தான். தட்டும்போது வளைந்து வளைந்து அதிர்வதால் இசை பிறக்கிறது.

இரும்பு ஸ்கேலை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுண்டுங்கள். நீளமாக நீட்டினால் மெதுவாக அதிர்ந்து கனத்த ஒலி; குறைத்தால் கீச்சென்று ஒலி. தூணின் நீளத்தையும் பருமனையும் மாற்றிச் சிற்பி சுரத்தை மாற்றினான். இசை எழுதும் உளி அது!

ஆனால் தூணைத் தட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு தட்டு என்றால், ஆண்டுக்கு எத்தனை லட்சம் தட்டு விழும்? உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் அந்தச் சுரம் வேண்டும். பார்த்து, தூணின் படத்தை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

வெளியே வந்தால் கிழக்கு ரதவீதி. ஆய்லர் சொன்ன இடத்திலேயே நடை முடிந்துவிட்டது, எதிரே அல்வாக் கடைகள்! இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். மற்றக் கடைகளில் வாங்கலாம். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது இது. சூட்டில் மாவின் நுண்மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பிப் பளபளக்கும் கூழாகின்றன. அதோடு நெய்யும் சேர்வதால்தான் வாழையிலையில் வைத்த அல்வாத் துண்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

ஊருக்குத் திரும்பியதும் ஆச்சி கேட்பார்கள்: "எவ்வளவு தூரம்லா நடந்தீங்க?" நோட்டைத் திறந்து எட்டுக் கணக்கில் சொல்லுங்கள். பிறகு கூடங்குளத்தில் உங்கள் தெருவைப் புள்ளியும் கோடுமாக வரையுங்கள். அதில் எத்தனை புள்ளி ஒற்றைப்படை என்று ஆச்சியையே எண்ணச் சொல்லுங்கள்.