அப்பாவின் ரெசின் கணக்கு

ஆறு மாத விசாவில் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். முதல் இரண்டு வாரம் லண்டன் சுற்றிக் காட்டுவோம். மூன்றாவது வாரம் நாம் வேலைக்குப் போய்விடுவோம், பேத்தி ஸ்கூலுக்குப் போய்விடுவாள். அப்பா ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களை எண்ண ஆரம்பிப்பார். அம்மாவுக்காவது சமையலறை இருக்கிறது. அப்பாக்களுக்கு என்ன இருக்கிறது?

என் அப்பாவுக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டுப் பெரியவரின் உடைந்த கார்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில். பெரியவருக்கு எண்பது வயது. அவருடைய ஷெட்டில் 1969ஆம் வருஷத்து லோட்டஸ் எலான் ஒன்று நிற்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கியது. மனைவி போன வருஷம் இறந்துவிட்டார். அந்த துக்கத்தில் ஒருநாள் ஷெட்டுக்குள் விடும்போது சுவரில் இடித்துவிட்டார். முன்பக்க இடது மட்கார்டில், சக்கர வளைவிலிருந்து மேல்நோக்கி ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. ஒரு பட்டறையில் கேட்டதற்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்.

அக்டோபரில் ஒரு நாள் அப்பா தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது பெரியவர் தார்ப்பாயை விலக்கிக் காட்டியிருக்கிறார். நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது, அப்பா குனிந்து மட்கார்டை விரல் மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டுவது போல, இடம் மாற்றி மாற்றி.

"தம்பி, இது இரும்பு இல்லடா. நம்ம பைபர் படகு!"

படகும் காரும்

அப்பா சொன்னது முழுக்க உண்மை. எலான் 1962இல் வெளிவந்தது. காலின் சாப்மன் நடத்திய லோட்டஸ் கம்பெனியின் கார். அடியில் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்புச் சட்டம், மேலே முழு உடலும் கண்ணாடி நார், அதாவது பைபர் கிளாஸ். மொத்த எடையே சுமார் 680 கிலோதான். அதனால்தான் 1558 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டே அது அப்படிப் பறந்தது. கம்பெனி 1966இல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஹெதல் என்ற இடத்துக்கு, பழைய போர்க்கால விமான தளம் ஒன்றுக்குக் குடிவந்தது. இந்தக் காரும் அங்கே பிறந்ததுதான்.

அப்பா நாகப்பட்டினத்துக்காரர். 2004 டிசம்பர் 26 வரைக்கும் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கரை முழுக்க பைபர் படகுகள் வந்து இறங்கின. ஆனால் அவை அடிபட்டால் யார் சரிசெய்வது? அப்பா மறுபடி கடலுக்குப் போக விரும்பவில்லை. படகு கட்டும் இடத்தில் நின்று பார்த்துப் பார்த்தே ரெசின் கலக்கக் கற்றுக்கொண்டார். நான் அப்போது பிளஸ் டூ. என் இன்ஜினியரிங் படிப்பும், பிறகு இங்கே நான் படித்த எம்.எஸ்ஸுக்கு வாங்கிய கடனும் அந்த ரெசினில் கட்டப்பட்டவை.

"பெரியவர்ட்ட சொல்லு, நான் பண்ணித் தரேன்னு," என்றார் அப்பா. நான் தயங்கினேன். அந்த மாடல் கார் இங்கே நல்ல விலைக்குப் போகிறது. கெடுத்துவிட்டால்? பெரியவர் தயங்கவில்லை. "எத்தனை படகு சரிசெய்திருக்கிறார்?" என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, "எண்ணலியே" என்றார்.

விரிசலில் இரண்டு ஜாதி

வேலை தொடங்கும் முன் அப்பா அரைநாள் வெறுமனே பார்த்தார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார்.

பைபர் உடலில் வெளியே தெரிவது பெயிண்ட். அதற்குக் கீழே ஜெல்கோட் என்ற மெல்லிய, கெட்டியான தோல். அதற்கும் கீழேதான் ரெசினில் ஊறிய கண்ணாடி நார். தோலில் மட்டும் சிலந்தி வலை மாதிரி கோடுகள் விழுந்தால் அது மேல்விரிசல். நார் வரைக்கும் போனால் அது உடைப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசலின் இரண்டு பக்கமும் அமுக்கினால் ஒரு பக்கம் தனியாக அசைகிறதா பாருங்கள். முடிந்தால் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் 'டங்'கென்று சொல்லும், அடுக்கு பிரிந்த இடம் 'டொப்' என்று செத்த சத்தம் போடும்.

இந்தக் காரில் இரண்டும் இருந்தன. அதோடு, அதே இடத்தில் முன்பு யாரோ பட்டி வைத்துப் பூசி மறைத்திருந்ததும் தெரிந்தது. அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒடஞ்ச எலும்புக்கு மேல பவுடர் போட்ட மாதிரி பண்ணிருக்கான்." பட்டிக்குப் பலம் கிடையாது. உள்ளே நார் அறுந்திருக்கும் வரை, கார் குலுங்கக் குலுங்க விரிசல் மறுபடி மேலே வரும்.

சரியான முறை இதுதான். முதலில் விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடவேண்டும், அது மேலே ஓடாமல் நிற்பதற்கு. பிறகு பின்பக்கம் விரிசலின் இருபுறமும் மூன்று அங்குலம் அளவுக்குப் பழைய பெயிண்ட், அழுக்கு எல்லாம் போக, நார் தெரியும்வரை கிரைண்டரில் தேய்க்கவேண்டும். அசிட்டோனால் துடைத்து, மேட் எனப்படும் நார்த்துணியை மூன்று துண்டாக, ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டி, ரெசினில் நனைத்து ஒட்டவேண்டும். பிரஷ்ஷை இழுக்கக்கூடாது, குத்திக் குத்தி நனைக்கவேண்டும். காற்றுக் குமிழ் உள்ளே இருந்தால் அந்த இடம் நாளை பிரியும். பின்பக்கம் இறுகிய பிறகு, வெளிப்பக்கம் விரிசலை 'வி' வடிவத்தில் சரிவாகத் தோண்டி, அதையும் அதே மாதிரி நிரப்பவேண்டும். கடைசியில்தான் மெல்லிசாகப் பட்டி, உப்புத்தாள், பெயிண்ட்.

பெரியவரிடம் மடக்கி வைக்கும் பழைய 'வொர்க்மேட்' மேஜை ஒன்று இருந்தது. அப்பா அதன்மேல்தான் மேட்டை வெட்டினார். அந்த மேஜையைக் கண்டுபிடித்த ரான் ஹிக்மன்தான் எலானையும் வடிவமைத்தவர் என்று பெரியவர் சொன்னார். அப்பா மேஜையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வெளியே நில்லு

ரெசின் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. எனக்கு வயிறு சுருண்டது.

என் காலேஜ் முதல் வருஷத்தில் அப்பா ஒருநாள் ஹாஸ்டலுக்கு வந்தார். பீஸ் கட்டக் கடைசி நாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டையெல்லாம் நார்த்தூசி, கையெல்லாம் காய்ந்த ரெசின், கூடவே இந்த வாசனை. யாருடா அது என்று ரூம்மேட் கேட்டான். "ஊர்லேர்ந்து, தெரிஞ்சவரு," என்றேன். அப்பா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒனக்கு இந்த வாசம் ஆவாது. நீ வெளியே நில்லு தம்பி. நான் பாத்துக்கறேன்."

அவருக்குக் கேட்டிருக்கிறது.

நான் உள்ளே போய் கையுறை மாட்டிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

கைக்கணக்கு தோற்ற நாள்

"கோபால்ட் எங்கடா?" என்றுதான் முதலில் கேட்டார். ஊரில் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து, பிறகு கேட்டலிஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பார்கள். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். இங்கே கடையில் விற்கும் ரெசினில் அதை முன்பே கலந்துதான் கொடுக்கிறார்கள், கேட்டலிஸ்ட் மட்டும் போட்டால் போதும். அப்பா தன் கைப்பழக்கத்தில் ஊற்றினார். இருபது வருஷமாகத் தப்பாத கை.

மறுநாள் காலை மட்கார்டின் பின்பக்கம் தொட்டால் ரப்பர் மாதிரி பிசுபிசுத்தது. அன்று சாயங்காலமும் அப்படியே. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவேண்டியதாயிற்று. அப்பா இரண்டு நாள் ஷெட் பக்கமே போகவில்லை. மறுபடி ஜன்னல். "வயசாயிடுச்சு, கை தப்புது," என்று அம்மாவிடம் சொன்னது மாடிவரை எனக்குக் கேட்டது.

என் வேலையே, ஓடாத புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று தேடுவதுதான். அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடவில்லை? என்ன மாறியது? டப்பாவின் விவரத்தாளைப் படித்தேன். கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. ஷெட்டில் வெப்பமானியை வைத்தேன். 8 டிகிரி.

அப்பாவின் கை தப்பவில்லை. அது நாகப்பட்டினத்தின் 35 டிகிரிக்குப் பழகிய கை. அங்கே 1 சதவீதமே சீக்கிரம் இறுகிவிடும், வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும்.

கீழே போய்ச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். "அப்ப நம்மூர்ல வெயிலும் ஒரு சரக்குதான்," என்றார். பிறகு, "ஹீட்டர் இருக்கா?"

எண்ணெய் ரேடியேட்டரை வைத்து ஷெட்டை முந்தின இரவிலிருந்தே சூடாக்கினோம். ரெசினும் அசிட்டோனும் சட்டென்று தீப்பிடிப்பவை, நெருப்பு எரியும் ஹீட்டர் அந்தப் பக்கமே வரக்கூடாது. 20 டிகிரி வந்ததும் சமையலறைத் தராசில் 500 கிராம் ரெசினுக்கு 10 கிராம் கேட்டலிஸ்ட் நிறுத்தேன். அப்பா மேட்டை ஒட்டினார், நான் குமிழ் உருட்டினேன். மறுநாள் காலை அவரே போய் நாணயத்தால் தட்டினார். டங்.

நீங்கள் செய்வதாக இருந்தால்

பாதுகாப்பில் அப்பாவைப் பின்பற்றாதீர்கள். அவர் இருபது வருஷம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர், இருமலும் அப்போதிலிருந்து இருக்கிறது. தேய்க்கும்போது தூசிக்கான நல்ல முகமூடியும், ரெசினுக்கு ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம். கண்ணாடி இல்லாமல் கேட்டலிஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வேலை செய்யும்போது கதவு திறந்திருக்கட்டும். மிஞ்சிய ரெசின் டப்பாவிலேயே கொதிக்கிற அளவு சூடாகும், அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள், சில வாரம் இறுகட்டும். பெயிண்டை நாங்கள் தொழில் தெரிந்தவரிடமே விட்டுவிட்டோம்.

பிப்ரவரி கடைசியில் அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப்போனார். இரண்டே சீட் என்பதால் நான் வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. என்ன பேசினீங்க என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. ஒரு எடத்துல அவரு அழுதாரு. நான் சும்மா இருந்தேன்," என்றார்.

ஏர்போர்ட்டில் என் ஆபீஸ் நண்பர் ஒருவரைப் பார்த்தோம். "இவர் என் அப்பா. பைபர் படகு ரிப்பேர் பண்றவர்," என்றேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியின் பூட்டு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

இப்போது பானெட்டில் உள்ள மேல்விரிசல்களை நான் சனிக்கிழமைகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாட்ஸாப்பில் வீடியோ காட்டினால் அப்பா முன்பெல்லாம் "மேட்டைக் காட்டு" என்பார். இப்போது எடுத்ததும் கேட்பது வேறு: "டெம்பரேச்சர் எவ்வளவுடா?"