யானையை ஒளித்து வையுங்கள்

கைவேலைப் பொருட்கள் விற்கும் கடையில் நின்று, வாழ்த்து அட்டையில் ஒட்டக் காட்டு விலங்குகள் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் பிடரிச் சிங்கமும் அடங்கிய ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். அதிலேயே யானையும் இருக்கும். தோளை மூடிக்கொண்டிருக்கும் அதன் காதைப் பார்த்தாலே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஓர் இரவு பஸ் ஏறினால் முதுமலைக்குப் போய்விடக்கூடிய நாம், பிறந்தநாளுக்கு சவான்னா புல்வெளியை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒட்டும் பொம்மையை விட்டுவிட்டு, தாளை வெட்டி அடுக்கி நம் காட்டையே ஓர் அட்டைக்குள் கொண்டுவர முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தாளை வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி ஆழம் காட்டுவது பழைய வித்தை. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் மார்ட்டின் எங்கல்பிரெக்ட் என்ற பதிப்பாளர், அச்சடித்து வெட்டிய படங்களைப் பெட்டிக்குள் வரிசையாக நிறுத்தி, எட்டிப் பார்த்தால் தெருவும் தோட்டமும் நீண்டு போவதுபோல் தெரிய வைத்தார். 1843இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியிலான சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது, அதைப் பார்க்க வந்தவர்கள் இதே முறையில் செய்த மடிப்புக் காகிதச் சுரங்கங்களை நினைவுப் பொருளாக வாங்கிப் போனார்கள். அதே ஆண்டு, அதே ஊரில்தான் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு, கடையில் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை வெளியிட்டார். விலை ஒரு ஷில்லிங். அடுக்குத் தாளும் வாழ்த்து அட்டையும் அன்றைக்கே பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இருந்திருக்கலாம்.

நம் அட்டைக்கு வருவோம். ஏ4 அளவு கெட்டி அட்டையைக் குறுக்கே பாதியாக மடித்தால், மடிப்பு மேலே இருக்க, 21 செ.மீ. அகலமும் 14.8 செ.மீ. உயரமும் கொண்ட முகப்பு கிடைக்கும். இது 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை இருந்தால்தான் அடுக்குகளின் கனத்தைத் தாங்கும். வெட்டி அடுக்கும் வண்ணத் தாள்களுக்கு 160 முதல் 200 போதும். அதற்கு மேல் போனால் யானையின் வாலை வளைத்து வெட்டுவதற்குள் கட்டர் முரண்டு பிடிக்கும். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்த பிறகு மடியுங்கள், விளிம்பு வெடிக்காது.

இனி காட்சி. மசினகுடிப் பக்கம் நின்று தெற்கே பார்த்தால் நீலகிரி ஒரு சுவராக எழுந்து நிற்கும். அதற்கு முன்னால் இலையுதிர் காடு, இன்னும் கிட்டத்தில் மூங்கில் புதர். அட்டையின் அடுக்குகளும் இதே வரிசைதான்: வானம், தூரத்து மலை, மரங்களின் வரிசை, யானை, மூங்கில். பலரும் செய்வது என்னவென்றால், மிருகத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் முழுசாகக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். அப்போது பின்னால் இருக்கும் அத்தனை வேலையும் வெறும் திரைச்சீலை ஆகிவிடும். போட்டோ ஸ்டுடியோவில் நிற்கும் யானை அது. காட்டில் யானையை அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? முதலில் ஒடியும் மூங்கிலின் சத்தம் வரும். பிறகு இலைகளுக்கு நடுவே ஒரு காது அசையும். அதற்குப் பிறகுதான் இத்தனை நேரமும் பாறை என்று நினைத்தது முதுகு என்று புரியும். யானை நான்காவது அடுக்கில், மூங்கிலுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதில்தான் ரசனை. நெற்றியின் இரட்டை மேடு, வில்லாக வளைந்த முதுகு, தும்பிக்கை, ஒரு கண் ஆகிய நான்கும் தெரிந்தால் அது ஆசிய யானை என்று குழந்தையும் சொல்லிவிடும். பின்கால்களையும் வயிற்றையும் தாராளமாக மறைக்கலாம். ஆனால் மறையப்போகிறது என்பதற்காக அந்தப் பாகங்களை வெட்டாமல் விட்டுவிடாதீர்கள். அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பவருக்கு மூங்கிலின் சந்து வழியே அவை தெரியும். முழு யானையையும் வெட்டி, ஒட்டாமல் மூங்கிலுக்குப் பின்னால் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் சட்டென்று பொருந்தும்.

யானை வரைவதில் முதலில் தவறுவது கால். மெல்லிய கால் போட்டால் அது யானைத்தோல் போர்த்திய மாடு. இதற்குக் காட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: யானையின் முன்பாதத் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் வந்துவிடும். அப்படியென்றால் பாதத்தின் அகலம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. அட்டையில் 6 செ.மீ. உயர யானை என்றால் பாதம் 1 செ.மீ. அகலம். ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம்.

கன்று வேண்டுமென்றால் தாயின் கால்களுக்கு இடையில் வையுங்கள். ஒரு வயது நிறையாத கன்று தாயின் வயிற்றுக்கு அடியிலேயே நுழைந்து நிற்கும். உச்சந்தலையில் நுனிக் கத்தரியால் இரண்டு மூன்று கீற்று போட்டால் குட்டி யானையின் முடி வந்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்கும் தாய்க்கு வெள்ளைத் தந்தம் ஒட்டிவிடாதீர்கள்! ஆசிய யானைகளில் பெண்ணுக்கு வெளியே நீண்டு தெரியும் தந்தம் கிடையாது. தந்தம்தான் அழகு என்று தோன்றினால் கன்றை விட்டுவிட்டு, ஒற்றை ஆண் யானையை வெட்டுங்கள். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். யானைக்குப் பதில் புள்ளிமானா? அது இன்னும் சுலபம். பழுப்புத் தாளில் தடித்த ஊசியால் துளைகள் போட்டு, பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டினால் முடிந்தது. புலியின் வரிகளை வெட்டுவதை முதல் முயற்சியிலேயே எடுக்க வேண்டாம்.

நிறத்துக்கு ஒரே விதி. தூரம் போகப் போக வெளுப்பும் நீலமும் கூடும், கிட்டத்தில் கருமை கூடும். இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது. லியோனார்டோ டா வின்சி இதைப் பார்த்துத் தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருக்கிறார். எனவே மலைக்கு வெளிறிய சாம்பல் நீலம், மூங்கிலுக்கு அடர்ந்த இலைக்கருமை. நடுவில் கிளிப்பச்சையைக் கொட்டாதீர்கள். கோடையில் முதுமலைக் காடு காவியும் பழுப்புமாகத்தான் இருக்கும். யானையும் கறுப்பு இல்லை. மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்ளும் பழக்கத்தால் அந்த ஊர் மண்ணின் நிறத்தில்தான் இருக்கும். சாம்பல் தாளில் வெட்டி, செங்கல் நிற பேஸ்டல் பொடியைப் பஞ்சால் முதுகில் தடவிப் பாருங்கள்.

வெட்டும்போது உள்ளே இருக்கும் சின்னச் சந்துகளை முதலில் முடித்துவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்ட வேண்டும். வெளிக்கோடு முதலில் போய்விட்டால் பிடித்துக்கொள்ள இடமிருக்காது. வளைவுகளில் கட்டரைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். மூங்கில் அடுக்கை மட்டும் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. சட்டம் விட்டு, தண்டுகள் மேலும் கீழும் அந்தச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும்படி ஒரே தாளில் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக நிமிர்த்தி ஒட்டவே பொழுது போய்விடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் வேண்டாம். அதிலுள்ள ஈரம் மெல்லிய தாளைச் சுருக்கிவிடும். டபுள் சைடு டேப்பும், 2 மி.மீ. கனமுள்ள ஃபோம் டேப்பும் போதும். எல்லா அடுக்குக்கும் ஒரே உயரம் கொடுத்தால் படிக்கட்டுதான் தெரியும். வானத்தையும் மலையையும் தட்டையாகவே ஒட்டுங்கள். மரவரிசைக்கு ஒரு ஃபோம், யானைக்கு இன்னொன்று. யானைக்கும் மூங்கிலுக்கும் நடுவே மட்டும் இரட்டை ஃபோம். அந்த 4 மி.மீ. இடைவெளியில் விழும் நிழல்தான் அட்டையின் உயிர். நிழலைப் பேனாவால் வரைய வேண்டியதில்லை, ஜன்னல் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே எழுத வேண்டியதை அடுக்குகளை ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிறகு அட்டை மேசையில் தட்டையாகப் படியாது, பேனா தடுக்கும். கடையில் விற்கும் சாதாரண உறையும் இத்தனை கனத்துக்குப் போதாது. பக்கவாட்டில் 1 செ.மீ. தடிமன் விட்டு பழுப்புத் தாளில் நீங்களே ஒன்று மடித்துக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்புவதானால் முகப்பின் மேல் ஓர் அட்டைப்பெட்டித் துண்டை வைத்து மூடி, எடைபோட்டுத் தபால்தலை ஒட்டி, தபால் பெட்டியில் போடாமல் கவுன்டரில் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.