கிங் கிரிம்சன் பதித்த தடம்

பிரிட்டனின் கிங் கிரிம்சன் குழு தன் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் வெளியிட்டது. ஹெவி மெட்டலின் முன்னோடி எனப்படும் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆனாலும் பின்னாளில் ஹெவி மெட்டல் என்று அறியப்பட்ட மூர்க்கம் கிங் கிரிம்சன் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே இருக்கிறது. ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்’ என்ற அந்தப் பாட்டை பிளாக் சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2005இல் தானே பாடிப் பதிவு செய்தார். 2010இல் கான்யே வெஸ்ட் அதன் ஒரு துண்டை எடுத்து ‘பவர்’ என்ற ராப் பாட்டில் சேர்த்தார்.

இத்தகைய மறுபதிவுகளைவிட ஆழமான செல்வாக்கு ஒன்று உண்டு. அது தாளம் பற்றியது. ராக் பாடல்களில் பெரும்பாலானவை நாலு எண்ணிக்கையில் நடப்பவை. கிங் கிரிம்சன் அந்தப் பழக்கத்தை உடைத்தது. 1981இல் வந்த ‘டிசிப்ளின்’ ஆல்பத்தின் ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’ இதற்கு மிகச் சிறந்த உதாரணம். பாட்டின் அடிப்படை, நம் மிஸ்ர சாபு போல ஏழு எண்ணிக்கை. குழுவின் கிட்டார் கலைஞர்கள் ராபர்ட் ஃப்ரிப்பும் ஏட்ரியன் பெலூவும் ஒரே கிட்டார் வரியை வாசிக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் சுற்றுக்குப் பதினான்கு சுரம் வாசிக்க, மற்றவர் ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றோடு திரும்புகிறார். சுற்றுக்குச் சுற்று இரண்டும் விலகிக்கொண்டே போய், கடைசியில் மீண்டும் சேருகின்றன. இந்தோனேசியாவின் கேமலான் இசையில் கேட்கும் பின்னல் இதிலும் கேட்கிறது. கணக்கு தெரியாதவரையும் இது சொக்க வைக்கும். அதுதான் இதன் பெருமை.

அமெரிக்காவின் டூல் குழு இந்த வழியில் வந்தது. 2001இல் அது வெளியிட்ட ‘லேட்டரலஸ்’ பாட்டில் ஒன்பது, எட்டு, ஏழு என எண்ணிக்கை மாறிக்கொண்டே போகிறது. அதே ஆண்டு டூல் தன் சுற்றுப்பயணத்தில் கிங் கிரிம்சனைச் சேர்த்துக்கொண்டது. மூத்தவர்கள் முதலில் வாசித்து இறங்க, அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அடுத்து மேடையேறினார்கள்.

பிரிட்டனில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. பார்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன், கிங் கிரிம்சனின் பழைய ஆல்பங்களை மூல ஒலிநாடாக்களிலிருந்து மறுகலவை செய்தார். 2009 முதல் அவை வெளிவரத் தொடங்கின. பார்க்குபைன் ட்ரீயின் டிரம்மர் கேவின் ஹாரிசன் 2008இல் கிங் கிரிம்சனோடு மேடையேறி, பிற்பாடு அதன் நிலையான உறுப்பினராகவே இருந்தார்.

2024இல் பெலூவும் கிங் கிரிம்சனின் பாஸ் கலைஞர் டோனி லெவினும் ‘பீட்’ என்ற குழுவை அமைத்து, எண்பதுகளின் கிங் கிரிம்சன் பாடல்களோடு சுற்றுப்பயணம் போனார்கள். ஃப்ரிப்பின் இடத்தில் ஸ்டீவ் வாய். அன்றைய டிரம்மர் பில் புரூஃபர்டின் இடத்தில் டூலின் டிரம்மர் டேனி கேரி.