குடிபோதையும் வாகனமும் – சட்டம் சொல்வது என்ன?

“நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்.” குடித்துவிட்டு வண்டியில் ஏறுபவர் வழக்கமாகச் சொல்லும் சொல் இது. சட்டம் இந்தச் சொல்லைக் கேட்பதில்லை. இரத்தத்தை அளந்து பார்க்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கையில் வண்டி ஓட்டுவது குற்றம். இங்கிலாந்து 1967இல் வகுத்த வரம்பு 80 மில்லிகிராம். நம் சட்டம் அதனினும் கண்டிப்பானது.

இதை எவ்வாறு அளக்கின்றனர்? இரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நுரையீரலில் ஆவியாகி மூச்சுடன் வெளிவருகிறது. 1954இல் அமெரிக்காவின் போர்க்கன்ஸ்டைன் அமைத்த கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் இருந்தது. ஆல்கஹால் பட்டதும் அதன் நிறம் மாறும். அம்மாற்றமே அளவைக் காட்டும். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காணும் ஆக்சிஜனேற்ற வினைதான் அது! கல்லீரல் தன் வேகத்தில்தான் ஆல்கஹாலைச் சிதைக்கும். மோரோ, எலுமிச்சையோ, குளியலோ அவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. ஊத மறுத்தாலோ, மறுத்ததே வழக்கில் எதிராக நிற்கும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைகள் வருமாறு: முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் பறிபோகலாம். சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது.

உயிர்ச்சேதம் நேர்ந்தால் அது வெறும் விபத்தாகவே முடிந்துவிடாது. 2006இல் மும்பையில் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி இறந்தனர். ஓட்டியவர் குடித்திருந்தார். அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, 3 ஆண்டுச் சிறைத் தண்டனையை நிலைநிறுத்தியது.

நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்தால் காரைக்கால் எல்லை. அங்கே மதுக்கடை விதிகள் வேறு. ஆனால் 185ஆவது பிரிவு இரு பக்கமும் ஒன்றே. எல்லைக்கு அப்பால் குடித்தவர் இப்பால் வருகையில் இரத்தத்தின் அளவு குறைந்துவிடுவதில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் டிராக்டரும் லாரியும் ஓட்டும் தந்தையர், அண்ணன்மார் உண்டு. அவர்களுக்கு உரிமம் என்பது வெறும் அட்டையன்று, அடுப்பெரியும் வழி. இச்சட்டத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் நம்மைத் தவிர வேறு யார் உளர்? படித்ததை இன்றே வீட்டில் சொல்வோம், உயிர் காப்போம்!